மஞ்சக்கரு பட்ட எடம்

தடவிப் பாருங்க ஆச்சி, நல்லாத் தடவிப் பாருங்க. சும்மா வெரல் நுனியால தொட்டா எப்புடி? கன்னத்த வச்சுப் பாருங்க, சில்லுன்னு இருக்கும். கண்டரமாணிக்கத்துல இருந்து இந்த வெயில்ல பஸ்ஸப் புடிச்சு எங்க வீட்டுச் சுவரு பாக்கத்தான வந்தீக? வேற எதுக்கும் வரலைல? அப்ப நல்லாப் பாருங்க.

ஆமாமா, சொன்னீக. ஒங்க வீட்டு முகப்புல பூச்சு உதிருது, நல்ல கொத்தனாரு வேணும். கேட்டுக்கிட்டேன். எங்க முத்துவீரனையே அனுப்பி வைக்கிறேன்.

எது? அந்த எடமா? அடி ஆத்தி! இம்புட்டுச் சுவத்துல மங்கலாக் கெடக்குற அந்த ஒரு சாண் எடந்தான் ஒங்க கண்ணுல படணுமா? மாப்பிள்ள வீட்டுக்காரக கண்ணுன்னா அப்புடித்தான். சரி சரி, சுவரு பாக்க வந்தவுக கண்ணு. நான் ஒண்ணும் சொல்லல.

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், இங்குட்டு வாங்க. அது எங்க வீட்டு அவுக ரங்கூன்ல இருந்து கப்பல்ல கொண்டாந்தது. வந்ததுல இருந்தே ஆடுது. அவுகளும் அப்புடித்தான் வந்தாக. இந்தா, மீனா காபி வச்சுட்டுப் போயிருக்கா பாருங்க, எடுத்துக்குங்க. வேணாமா? ஆறட்டுமா? சரி, ஆறட்டும்.

அந்த எடத்துக் கதையச் சொல்றேன். கொஞ்சம் சுத்தி வரும், பொறுத்துக்குங்க. என்னைய ஊர்ல ரேடியோ உமையாள்னுதான் சொல்வாக. ஸ்டேஷன மாத்தவே முடியாதாம்.

எம் பேரன் சத்தியமூர்த்தியத் தெரியும்ல? மகன் வயித்துப் பேரன். மீனாளுக்கு அண்ணன். இவுக அப்பச்சியும் ஆத்தாளும், எம் மகனும் மருமகளுந்தான், பினாங்குல கெடக்காக, பிள்ளைக ரெண்டும் எங்கிட்டதான் வளந்துச்சுக. அவன் மெட்ராசுல மருந்துப் படிப்புப் படிச்சான். டாக்டர் இல்ல. டாக்டர் சீட்டு எழுதுவாரு, அந்தச் சீட்டுல இருக்குற மருந்து ஏன் வேல செய்யலன்னு பாக்குறவன் இவன். நம்மூர்ல இதுக்கு என்ன மரியாத? களிம்பு கிண்டுற செட்டியார்னு பேரு.

ஏன் கிண்டுறான்னு கேளுங்க. கேக்க மாட்டீக, ஒங்களுக்குத்தான் தெரியுமே. பங்காளி வீட்டுக் கண்ணம்மை சொல்லியிருப்பா. இந்த வீட்டுப் பொண்ணுக்குத் தோலு வியாதி, பெரிய வியாதியாக்கூட இருக்கும்னு. அவ நாக்குக்கு ஒரு களிம்பு கண்டுபுடிடான்னு எம் பேரங்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். அதுக்கெல்லாம் மருந்து வராது அப்பத்தான்னுட்டான்.

நான் எதுக்கு மறைக்கப் போறேன்? செதில்படை. டாக்டரு சோரியாசிஸ்ம்பாரு. தொத்தாது. தொத்துறதா இருந்தா மொதல்ல எனக்குல்ல வந்திருக்கணும், ஒரே போர்வைக்குள்ள படுத்துக் கெடந்தவ நான். மீனாளுக்குப் பதினாறு வயசுல வந்துச்சு. மொழங்கை, மொழங்காலு, தலை. தல சீவுனா தேங்காத் துருவல் மாதிரி கொட்டும். நானும் பாக்காத வைத்தியமில்ல. நாகருக்குப் பாலு ஊத்துனேன். வேப்பெண்ணெயத் தேச்சு ஒரு வருசம் வீடே கசந்து கெடந்துச்சு. நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தா கோயிலுக்குப் போயி நின்னேன். அவ கண்ணுக்குத்தான் பாக்குறவ, தோலுக்கு இல்லன்னு எனக்குந் தெரியும். ஆனா பக்கத்துல இருக்குறவ, கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறா? ஒங்களுக்கு வேற டாக்டர் வேணும்னாவது சொல்லியிருக்கலாம். சிரிச்சுக்கிட்டே இருந்தா.

அப்பறம் ஒரு டாக்டரு தார் பூசச் சொன்னாரு. தாருன்னா தாருதான், ரோட்டுக்கு ஊத்துறாகள்ல, அதுல இருந்து வடிச்ச களிம்பு. ராத்திரிக்குப் பூசிப் படுக்க வச்சா, விடிஞ்சு பாத்தா தலகாணி, மெத்தை, மெத்தையில படுத்த பூன, எல்லாம் கறுப்பு. படை மட்டும் அப்புடியே வெள்ளயா இருக்கு. மீனா என்ன சொன்னாத் தெரியுமா? அப்பத்தா, எம்மேல முனிசிபாலிட்டிக்காரன் ரோடு போட்டுட்டான், இனிமே பஸ் வுட வேண்டியதுதான் பாக்கின்னா. வாயி அவளுக்கு. எங்கிட்ட இருந்து போனதுதான்.

சத்தியமூர்த்தி ஒண்ணு சொன்னான். மருந்துல குத்தமில்ல அப்பத்தா, வண்டியிலதான் குத்தம்னான். மெட்ராசுல ரயிலேறுன ஆளு காரைக்குடி ஸ்டேஷன்ல வந்து எறங்கிருவான், ஊருக்குள்ள வர ஜட்கா வேணும்ல? மருந்து தோலுக்கு வெளியில மூட்டையும் முடிச்சுமா நிக்குதாம், உள்ள கூட்டிட்டுப் போகத்தான் வண்டியில்ல. அந்த வண்டியத்தான் செய்யப் போறேன்னு மெட்ராசு வேலைய உட்டுட்டு வந்து, மேல்வீட்டுல கண்ணாடிக் குடுவையும் ஸ்பிரிட் அடுப்புமா உக்காந்துட்டான். அவுக அப்பச்சி பினாங்குல இருந்து எனக்குக் கோவமா எழுதுறான், பிள்ளையக் கெடுத்துட்டேன்னு. நானா கெடுத்தேன்? தங்கச்சி மேல பாசம் கெடுத்துச்சு.

தோலுன்னா நம்ம நெனைக்கிற மாதிரி இல்லையாம் ஆச்சி. செங்கல் அடுக்குன மாதிரி செத்த தோலு அடுக்கடுக்கா இருக்காம், நடுவுல கொழுப்புதான் சாந்து. சரிதான்டா, நம்ம வீடுதான் ஒடம்புன்னேன். மத்தவுகளுக்கு ஒரு மாசத்துல கட்டுற சுவத்த இவளுக்கு நாலஞ்சு நாள்ல கட்டிப்புடுறானாம் உள்ள இருக்குற கொத்தனாரு. அவசரச் சுவரு, அதான் உதிருது. அவனப் போயி நிறுத்துடான்னு சொல்லத்தான் மருந்து. ஆனா தண்ணியில கலந்தா சுவரு உள்ள விட மாட்டேங்குது, எண்ணெயில கலந்தா எண்ணெ அங்கனயே உக்காந்துக்குது.

மெட்ராசுல இருந்து ஒரு தண்ணி வரவழைச்சான். பாக்கப் பச்சத்தண்ணி. மொதல்ல ஒங் கையக் குடு அப்பத்தான்னு எம் உள்ளங்கையில ஒரு சொட்டுத் தேச்சான். அன்னைக்குன்னு எனக்குக் கார்த்திக வெரதம். கொஞ்ச நேரத்துல வாயெல்லாம் பூண்டு நாத்தம்! பூண்டக் கண்ணுலயே காங்காதவ நான் அன்னைக்கு. நல்லாக் கேளுங்க, தேச்சது கையில, நாறுறது வாயில. கோயில்ல போயி நின்னா குருக்கள் திருநீறத் தூரத்துல நின்னு போடுறாரு. வீட்டுக்கு வந்து வச்சேன் கச்சேரி. அவன் குதிக்கிறான்: அப்பத்தா, உள்ள போயிருச்சு, உள்ள போயிருச்சுங்கிறான். போனது எம் மானம்டான்னேன்.

ஆனா மீனாளுக்கு அது ஆகல. எரிஞ்சு செவந்துபோச்சு. கதவ அகலத் தெறந்துவிட்டா விருந்தாளி மட்டுமா வருவான், தெரு நாயும் வரும்ல? வேணாம்னு உட்டுட்டான்.

என்ன ஆச்சி, மணி பாக்குறீக? பஸ்ஸு அஞ்சு மணிக்குத்தான். பன்னிக் காதுக் கதையக் கேக்காமப் போயிருவீகளா?

மூஞ்சியச் சுளிக்காதீக. எனக்கு மட்டும் இனிச்சுச்சா? பினாங்குல இருந்து மகன் அனுப்புன ஐஸ் பெட்டி இருக்குல்ல, இந்தத் தெருவுலயே மொதப் பெட்டி. ஒரு நா சமையக்காரப் பொன்னுத்தாயி தயிர் எடுக்கத் தெறந்திருக்கா. வாழ எலயில ஏதோ சுத்தியிருக்கேன்னு பிரிச்சா, காது! மயிரோட! அவ போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுல பிரசவத்துக்கு நாளு இருந்தவளுக்கு அன்னைக்கே வலி வந்திருச்சு. ஆம்பளப் பிள்ள, நல்லா இருக்கான்.

எம் பேரன்தான் மானகிரிப் பக்கத்துல பன்னி வளக்குறவங்கிட்டச் சொல்லி வாங்கியாந்திருக்கான். அந்தக் காதுத் தோல உரிச்சு, ரெண்டு கண்ணாடிக் கிண்ணத்துக்கு நடுவுல இட்லித் துணி கட்டுற மாதிரி இழுத்துக் கட்டி, மேல் கிண்ணத்துல மருந்து, கீழ் கிண்ணத்துல உப்புத் தண்ணி. மருந்து கீழ எறங்குதா எறங்குதான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருப்பான். மனுசத் தோலுக்குக் கிட்டத்துத் தோலு பன்னித் தோலுதான் அப்பத்தாங்கிறான். எனக்கு அது புதுசில்லடா, நம்ம சொந்தக்காரக நாலு பேரப் பாத்தப்பவே நெனச்சேன்னேன். பொன்னுத்தாயி மூணு நாளு வேலைக்கே வரல. வந்ததும் பெட்டியில பாதிக்குக் கோலம் போட்டா. கோலத்துக்கு இங்குட்டு தயிரு, அங்குட்டு பன்னி.

மருந்தும் எறங்கல. மாசக்கணக்கா எறங்கல. பய எளச்சுப் போனான்.

இப்பத்தான் சுவத்துக்கு வாரேன். ஒரு பெருமழையில இந்த ரெண்டாங்கட்டுச் சுவத்துல பாதிப் பூச்சு விழுந்துருச்சு. முத்துவீரனக் கூப்பிட்டேன். ஒங்களுக்குத் தெரியாததா, சுண்ணாம்ப வெண்ணெயா அரைச்சு, முட்ட வெள்ளக்கருவ ஊத்தி, பூசிக் கூழாங்கல்லால தேச்சுத் தேச்சு எடுக்கணும். அப்பறம் தண்ணி ஊத்துனாத் தாமர எலயில ஓடுற மாதிரி ஓடிரும். மஞ்சக்கரு மட்டும் ஒரு சொட்டு விழுகக் கூடாது. ஒடச்ச மஞ்சக்கருவயெல்லாம் தெருவுக்கே குடுத்தோம். அந்த வாரம் பூராவும் இந்தத் தெருவுல எந்த வீட்டுக்குப் போனாலும் முட்டதான். நமஸ்காரம் சொன்னா ஏப்பந்தான் பதிலு.

அப்ப ஒரு நா ரேடியோவுல சொல்றான், மனுசன் நிலாவுல எறங்கிட்டான்னு. முத்துவீரன் வாயப் பொளந்து கேட்டுக்கிட்டே முட்டய ஒடைக்கிறான். வெள்ள, மஞ்ச, ஓடு, எல்லாம் சட்டிக்குள்ள. பாத்தவன் சொல்லியிருக்கணுமா இல்லையா? அவன் பாட்டுக்குக் கலக்கிப் பூசிட்டுப் போயிட்டான். காஞ்சதுக்கப்பறம் பாத்தா எல்லா எடமும் கண்ணாடி, இந்த ஒரு சாண் மட்டும் கெழவி கன்னம். தண்ணி தெளிச்சா மத்த எடத்துல ஓடுது, இங்க மட்டும் குடிக்குது. என்னடா முத்துவீரான்னா, அங்க அமெரிக்காக்காரன் காலு வச்ச நேரம் சரியில்ல ஆச்சிங்கிறான்.

நான் சொரண்டிப் போடுடான்னேன். சத்தியமூர்த்தி ஓடியாந்து சுவத்த மறிச்சுக்கிட்டு நின்னான். பேனாவத் தெறந்து மைய ஊத்துனான். அங்குட்டு ஊத்துன மை வழிஞ்சு தரைக்கு வந்துருச்சு. இங்க ஊத்துனது உள்ள போயிருச்சு. அந்த நீலம் தெரியுதுல்ல? அதான். ஒரு மாசமாச் சிரிக்காத பய தரையில உக்காந்து சிரிக்கிறான். கிறுக்குத்தான் புடிச்சிருச்சுன்னு நான் வேப்பல தேடுறேன்.

மஞ்சக்கருக் கொழுப்பும் தோலுக்குள்ள இருக்குற கொழுப்பும் ஒண்ணுக்கொண்ணு சொந்தமாம். மருந்தத் தனியா அனுப்புனாச் சுவரு விடாது. அந்தக் கொழுப்புக்குள்ள சுத்தி அனுப்புனா, நம்மாளுதான்னு நெனச்சு விட்டுருமாம். கல்யாண வீட்டுக்குள்ள திருடன் பட்டு வேட்டி கட்டிச் சந்தனம் பூசிக்கிட்டு நுழையிறான்ல? வாங்க வாங்கன்னு பன்னீரு தெளிப்பாக. அந்த மாதிரி. சில பேரு சுவரு பாக்க வாரேன்னு வருவாகள்ல, அந்த மாதிரின்னும் வச்சுக்கலாம்.

கோவிச்சுக்காதீக. சும்மா ஒரு பேச்சுக்கு.

ஒடனே ஆயிரல. மொதல்ல மஞ்சக்கருவ அப்புடியே தாரோட கொழச்சுப் பூசுனான். கூமுட்ட நாத்தம், படுக்கைக்கு எறும்பு ஊர்வலம். அப்பறம் ஸ்பிரிட்ட ஊத்தி அந்தக் கொழுப்ப மட்டும் பிரிச்சு, குடுவைக்குள்ள மெல்லிசாக் காய வச்சு, தண்ணிய ஊத்திக் குலுக்குவான். பால் மாதிரி வெளுத்து வரும். அந்தப் பாலுக்குள்ளதான் மருந்து ஒளிஞ்சிருக்காம். பன்னிக் காதுல ஊத்துனான். எறங்கிருச்சு! கீழ் கிண்ணத்துல மருந்து! அன்னைக்குப் பொன்னுத்தாயியே காதுக்குத் திருஷ்டி சுத்திப் போட்டா.

மீனாளுக்கு ஒரு மொழங்கையில பழைய களிம்பு, ஒரு மொழங்கையில மஞ்சக்கருக் களிம்பு. இந்தப் பக்கம் பாத்தாப் பொண்ணு, அந்தப் பக்கம் பாத்தா மொதலன்னு அவளே சொல்லிச் சிரிப்பா. முழுசாப் போயிருச்சான்னு கேக்குறீகளா? பொய் சொல்ல மாட்டேன். போகல. போகும், மார்கழிப் பனிக்கு வரும். நாத்தனா மாதிரி. வந்தா ரெண்டு நாளு வச்சிருந்து அனுப்ப வேண்டியதுதான், அதுக்காக வீட்ட இடிக்க முடியுமா? இப்பக் காபி வைக்கையில ஒங்க கண்ணு அவ மொழங்கைக்குத்தான போச்சு? பாத்தேன். அந்தச் செவப்புப் போன பனிக்கு வந்து இன்னும் கெளம்பாத மிச்சம்.

எந்திரிக்கிறீக. உக்காருங்க ஆச்சி. ஜாதகம் பொருந்தலையா? ஜாதகமே இன்னும் நான் குடுக்கலையே. கோயில் பொருந்துது, நீங்க இளையாத்தங்குடிக் கோயிலு, நாங்க மாத்தூர்க் கோயிலு, வேற வேறதான், சம்பந்தம் பண்ணலாம். ஒங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொல்லணும், வந்து ஒரு மணி நேரமா வழி பாக்குறீக. அந்த வழிய அடைக்கிறதுதான் எனக்கு வேல. இம்புட்டு நேரம் நான் வேற என்னத்தப் பண்ணிக்கிட்டிருந்தேன்னு நெனச்சீக?

ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன், அப்பறம் கெளம்புங்க.

போன தீவாளிக்கப்பறம் ஒரு பய வந்தான். டாக்டரு சொல்லி அனுப்புனாராம். பேரு அழகுன்னான், தேவகோட்டைன்னான். நம்ம செட்டியார் வீட்டுப் பிள்ள மாதிரி இருக்கேன்னு, எந்தக் கோயிலுப்பான்னு கேட்டேன். முழிச்சான். நான் செட்டியார் இல்ல ஆச்சின்னான். பேச்செல்லாம் செட்டியாரு, கும்புடுறது செட்டியாரு. சரின்னு விட்டுட்டேன். கை மணிக்கட்டு வரைக்கும் சட்ட, அதுக்குப் பொத்தான். அக்கினி நச்சத்திரத்துல வந்தப்பவும் அதே முழுக்கை. வேர்த்து ஊத்துது, மடிச்சு விட மாட்டேங்குறான். கையில ஒரு பித்தளத் தூக்கு, ஆத்தா கட்டிக் குடுத்த சோறு.

மேல்வீட்டுல வச்சுச் சத்தியமூர்த்தி சட்டையக் கழட்டச் சொன்னா, பய அழுகிறான். பத்து வருசமா யாருக்கும் காட்டினதில்லையாம். வீட்டுல குளிக்கிற அறையக் கூடப் பூட்டிக்கிட்டுத்தான் குளிப்பானாம். ஆத்தாளுக்கே தெரியாதாம். மூணு பொண்ணப் பாத்து மூணையும் வேணாம்னிருக்கான், இவன் சாமியாராப் போகப் போறான்னு ஆத்தா அழுகிறாளாம். அப்பத்தான் மீனா களிம்பு எடுத்துக்கிட்டு உள்ள போயிருக்கா. ஒரு பாரு பாத்தாளாம். அட, ஒங்களுக்கு முதுகுல இந்தியா மேப்பே இருக்கு, எனக்குச் சிலோன் மட்டுந்தான்னாளாம். சிரிச்சான் பாருங்க, கீழ என் காது வரைக்கும் வந்துச்சு சிரிப்பு.

அப்பறம் வாராவாரம் வந்தான். முதுகுக்குப் பூச நம்ம கொத்தனாரு முத்துவீரன். பேச்சுக்கு மீனா. நான் படியில உக்காந்திருப்பேன், தப்பா நெனச்சிராதீக. இந்தியா இப்பச் சுருங்கி மதுர ஜில்லா அளவுக்கு வந்துருச்சு.

ஒரு வாரம் அந்தத் தூக்குச் சட்டிய மறந்து வச்சுட்டுப் போயிட்டான். கழுவிக் கவுத்துனேன். மூடியப் பாத்தேன். பேர மாத்துனான், ஊர மாத்துனான், சாதியவே மாத்துனான் கிறுக்குப் பய. சாமான்ல வெட்டியிருக்குற விலாசத்த மாத்த மறந்துட்டானே! நம்மாளுகதான் கரண்டிக் காம்புலகூடப் பேரு வெட்டாம விட மாட்டமே.

பொன்னுத்தாயி, அந்தத் தூக்க எடுத்துட்டு வா. வெறுந்தூக்காக் குடுக்கக் கூடாது, ரெண்டு கை சீனியப் போட்டு எடுத்தா.

இந்தாங்க ஆச்சி, வாங்கிக்குங்க. மூடியத் திருப்பிப் பாருங்க. ஒங்க கல்யாணத்துக்கு ஒங்க அப்பச்சி வச்ச சாமானு, ஒங்க பேரே வெட்டியிருக்கு. இதக் காணோம்னு பாத்திரம் தேய்க்கிற பிள்ளைய நீங்க திட்டுனீகளாம்ல, பாவம், அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க.

மெதுவா, மெதுவா. ஆடுற நாற்காலியிலயே உக்காந்துட்டீகளே. பரவால்ல, இவ்வளவு நாளு விழுகாதது இன்னைக்கா விழுகப் போகுது.

அழகுன்னு பேரு சொல்லி வந்த ஒங்க இராமு நல்ல பிள்ள ஆச்சி. ஒங்கள இங்க அனுப்புனதும் அவந்தான, அந்தச் சுவத்தப் போயிப் பாருங்க ஆத்தான்னு? அப்பத்தா, எங்க ஆத்தாகிட்ட நீங்களே சொல்லிருங்க, எனக்கு வாயி வரலன்னு எங் கையப் புடிச்சுக்கிட்டான். நான் பேசாத பேச்சான்னேன்.

கண்ணத் தொடச்சுக்குங்க. காபி ஆறி ஆட படிஞ்சுபோச்சு, அதக் குடிக்காதீக. ஆத்தா மீனா, வேற காபி சூடாக் கொண்டா. சீனி எம்புட்டு போடச் சொல்ல? ஒங்க மகனுக்கு மூணு கரண்டி வேணும், அதான் கேக்குறேன்.